இடப்பக்கம்

என் மனைவியின் படத்தில் இடம்பிடிப்பதற்காகப் புதன்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

போன நாலு வாரமும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்கு அங்கே புதன்தோறும் மத்தியானம் ஓவிய வகுப்பு. கை பழகும், மனசு லேசாகும் என்பது டீச்சரம்மாவின் கட்சி. என் மனைவி மகளை வரைந்தாள். நர்ஸை வரைந்தாள். தரை துடைக்கிற அம்மாளை வாளியோடு வரைந்தாள். ஜன்னலில் சும்மா வந்து உட்கார்ந்த பூனையைக்கூட வரைந்தாள்.

எல்லாம் பாதிப் பாதி. பூனைக்கு ஒரு காது, ஒரு பக்க மீசை. கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களும் வலப்பக்கத்திலேயே, நெரிசல் பஸ்ஸில் தொற்றுகிற மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

"இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இப்போ அவங்க மூளைக்குத் தெரியாது," என்றார் டாக்டர்.

உண்மைதான். தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறுவாள். தட்டைத் திருப்பி வைத்தால், "என்னங்க, மறுபடியும் போட்டுட்டீங்களே!" என்று என்னைத் திட்டிக்கொண்டே மீதியைச் சாப்பிடுவாள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் பாதிப் படங்களைப் பற்றி விசாரித்தார். மீதிப் பாதியை வெளிநாட்டில் ஒரு அம்மாள் வரைகிறாள், கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் ஒட்டவேண்டியதுதான் என்றேன். நம்பிவிட்டார். பாவம், அவருக்கும் மண்டையில்தான் கோளாறு.

கதை சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

நான் வேலை பார்த்த அச்சாபீஸை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வீடு பத்து நிமிட நடை. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு முப்பத்தெட்டு வருஷமும் என் கைவசம் கதை இருந்தது. ஒருநாள் வழியில் இருக்கிற பாலம் நாலடி தள்ளிப் போய்விட்டது. இன்னொரு நாள் முதலாளி காகிதக் கட்டில் சாய்ந்து தூங்கிப்போக, தெரியாமல் அவரையும் சேர்த்து அச்சடித்துவிட்டோம். முதுகில் விழுந்த எழுத்தைத் துடைக்கவே ராத்திரியாகிவிட்டது.

அவள் சிரிப்பாள். சிரித்தால் நம்பிவிட்டாள் என்று நான் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. ஓவிய வகுப்பில் நான் உட்காருவது எப்போதும் அவளுக்கு இடப்பக்கம். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது. ஆக, அவள் என்னை விட்டுவிடவில்லை. நான்தான் உலகத்திலேயே இல்லாத ஒரு பக்கத்தில் போய்க் காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தப் புதன் நாற்காலியைத் தூக்கி அவளுடைய வலப்பக்கம் போட்டேன். இருக்கிற நாலு முடியையும் வாரியிருந்தேன்.

"மாப்பிள்ளை மாதிரில்ல வந்திருக்கீங்க, ஐயா!" என்றாள் டீச்சரம்மா.

என் மனைவி என்னை ஏழு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் முதுகை இன்னும் கொஞ்சம் நேராக்கிக்கொண்டேன்.

கடைசியில் டீச்சரம்மா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரைக் கூட்டிவர ஓடினாள்.

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

முழுப் படம். நாற்காலிக்கு இரண்டு கைகளும் இருந்தன, நாலு கால்களும் இருந்தன. ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் கிடக்கும் என்னுடைய மர நாற்காலி. மேஜையில் மூடிவைத்த தட்டு. மூடி முழு வட்டமாக இருந்தது. மேலே சுவர்க் கடிகாரம், எண்கள் அததன் இடத்தில்.

முட்கள் இரண்டும் இடப்பக்கம். பத்தே முக்கால்.

நாற்காலியில் யாரும் இல்லை.

"எதையுமே விடலை, பாத்தீங்களா ஐயா?" டாக்டரோடு திரும்பி வந்த டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "எதையும் விடலை."

என் மனைவி பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கத் தயாராக இருக்கிறவள் மாதிரி.

அந்தப் பழைய பாலத்தை இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தேன்.

நகரவில்லை.