செங்குன்றம் ஒரு தூரமா

மொட்டை மாடியில் காலிக் கூண்டை அவன் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் புறா வந்து இறங்கியது.

நெல்லூர்.

பந்தயத்தில் நெல்லூரிலிருந்து பறந்து வந்ததால் அதற்கு அந்தப் பெயர். பின்னாலேயே ஓங்கோல். அதற்கும் பின்னால் மொத்த ஆந்திராவும்.

எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்ப வேண்டும் என்று பழக்கியவன் அவன்தான். பத்து நாளுக்கு முன் அவற்றைச் செங்குன்றத்தில் நண்பன் டில்லியிடம் கொடுத்துவிட்டு வந்தவனும் அவன்தான்.

கூண்டை மட்டும் திறந்துவிடாதே என்று காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தான்.

டில்லிக்கு இளகிய மனசு.

எல்லாம் தன் மனைவியின் இருமலுக்காக. ஏழு மாத இருமல். அரக்கோணத்தில் தங்கை வீட்டுக்குப் போனால் நாலு நாளில் நின்றுவிடும். திரும்பி வந்தால் அவளுக்கு முன்னால் அது வீட்டுக்குள் நுழையும்.

வீட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். கொசுவத்தி, சாம்பிராணி, பஞ்சுத் தலையணை, ஈரச் சுவர். ஒவ்வொன்றாக ஒழித்தார்கள். இருமல் மட்டும் காலி செய்யவில்லை.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி. பறவைகள் வளர்க்கிறீர்களா?

'இல்லை' என்று எழுதியவள் அவள்.

சட்டையில் புறா எச்சத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

மூன்று நாள் தாங்கினான். நாலாம் நாள் தனியாகப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டான். புறாத் தூசிதான், இனியும் இருந்தால் நுரையீரல் தேறாது என்றார்.

புறாக்கள் போன நாளிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. இருமல் பாதியாகியிருந்தது.

இப்போது இருபத்திரண்டும் வந்துவிட்டன. ஒன்றுகூட வழி தவறவில்லை. பெருமையாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு குரல்.

"யோவ், நெல்லூரு வந்துட்டாளா? தண்ணி வச்சியா இல்லியா?"

பத்து நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"மேல வராத. அங்கியே நில்லு."

தண்ணீர் வைத்தான். கொஞ்ச நேரம் அவை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு போனை எடுத்தான்.

"டில்லி, இதுங்க உன் வீட்டுல தங்காதுடா."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நாங்க அங்க தங்குவோம். நீ இங்க வந்துடுறியா?"