புது இலை

அவள் மூடியைத் திறந்தாள்.

ஏழாம் பெட்டியில் கிடந்தது அவள் வைத்த இலை இல்லை. இப்போதுதான் பறித்த முட்டைக்கோஸ் இலை. கழுவிய ஈரம்கூடக் காயவில்லை.

"நாந்தான் அம்மணி மாத்துனேன்" என்றார் மயில்சாமி. ஆய்வுக்கூடத்தில் புழு வளர்ப்பவர். "பழைய எலய ஓரத்துல ஒரு கடி கடிச்சதோட செரி. அப்பறம் வாயே வெக்கல. வாடிப்போச்சுன்னு காலைல புதுசு போட்டேன்."

பாவி மனுஷன்.

மனதுக்குள்தான் திட்டினாள். பத்தொன்பது வருஷமாகக் காலையில் பழைய இலையை எடுத்துப் புது இலை வைக்கிற கை அது. 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்ட மறந்தவள் அவள்தான்.

குப்பைக்குப் போன இலையில் அவளுடைய மூன்று வருஷம் இருந்தது.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. இந்தப் புழுக்களிடம் அது செல்லாது. குடலில் ஒட்டுவதே இல்லை. அந்த நஞ்சுப் புரதத்தில் ஒரே ஒரு மடிப்பை மாற்றியிருந்தாள். மடிப்பு சரியாக விழுந்திருந்தால் ஒட்டும். குடல் ஓட்டையாகும். புழு தின்பதை நிறுத்திவிடும், பிறகு சாகும்.

மாற்றிய நஞ்சில் கையிலிருந்த கடைசித் துளியை அந்த இலையில் பூசியிருந்தாள். உதவித்தொகை அடுத்த மாதத்தோடு சரி.

"நஞ்சின் ருசி பிடிக்காமலே புழு இலையை விட்டுவிட்டால்?" என்று பேராசிரியர் போன வாரம் கேட்டிருந்தார்.

மயில்சாமி பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார்.

"இதயும் தொடலியே."

அவள் குனிந்தாள்.

இருபது புழுக்கள். நடுவில் புது இலை. ஒரு கடி இல்லை.

ஆறாம் பெட்டியைத் திறந்தாள். அங்கே மாற்றாத நஞ்சைத் தின்ற புழுக்கள். அவர் வைத்த அதே புது இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தன.

மறுபடி ஏழு.

நஞ்சு படாத இலை. தோட்டத்து இலை. இதில் ருசிக்கு என்ன குறை?

ஒட்டியிருக்கிறது. மடிப்பு சரியாக விழுந்திருக்கிறது.

தனியாக இருந்திருந்தால் சந்தோஷத்தில் கத்தியிருப்பாள்.

மயில்சாமி மெல்லிய தூரிகையால் ஒரு புழுவை எடுத்தார். இலையின் தளிர் நுனியில் கொண்டுபோய் விட்டார். அது அப்படியே கிடந்தது. கொஞ்சம் நகர்த்தி, வாயருகே தளிரைத் தள்ளிப் பார்த்தார்.

முட்டையிலிருந்து அவர் வளர்த்தவை.

"பொழச்சுக்குமா அம்மணி?"

அவள் பையைத் திறந்து, கையிலேயே இருந்த பேனாவைத் தேடத் தொடங்கினாள்.