ஆறாவது டீ

மேலாளரின் கோப்பையில் ஐந்தாவது முறையாக டீயை ஊற்றினாள் அக்கா.

"குடிங்க சார். தொண்டை காஞ்சு போனா அப்புறம் எப்படி முடியாதுன்னு சொல்வீங்க?"

அவரால் மறுக்க முடியவில்லை. எதிரே அவளும் கோப்பைக்குக் கோப்பை குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளைக்குச் சளைத்தவரா அவர்?

சங்க நோட்டீஸில் அவள் பெயர் தலைவி. அதிகாரிகள் அறையில் தலைவலி. இதுவரை நான்கு தற்காலிக நீக்கம், இரண்டு நாள் லாக்கப்.

இன்றைய வழக்கு ஒரு மரக்கட்டை.

ஆயத்த ஆடைக் கம்பெனியின் தையல் மாடியில் எண்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். எண்பது பேருக்கும் ஒரே கட்டை.

ஆண்களுக்குக் கட்டை கிடையாது. அவர்கள் பொறுப்பானவர்களாம்.

போன வாரம் ஒரு நிறைமாதக்காரி, கட்டை திரும்பி வரட்டும் என்று அடக்கிக்கொண்டே தைத்து, மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். மறுநாள் எண்பது மிஷினும் நின்றன.

கட்டையை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் இன்று மேலாளரின் கையெழுத்து விழாவிட்டால் நாளை எண்பது பேருக்கும் வேலை போய்விடும்.

பேச்சுவார்த்தைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முடிவு தெரியும்வரை யாரும் எழுந்து வெளியே போகக்கூடாது. போனால் அந்தத் தரப்பு தோற்றது. டைப் அடித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டது. நிபந்தனை மேலாளருடையது. ஐம்பதைத் தாண்டியவள், எத்தனை நேரம் தாங்குவாள் என்று நினைத்திருந்தார்.

பதிலுக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. டீ குறையாமல் வர வேண்டும்.

நான்காவது மணி நேரம். மேலாளர் கால் மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். பிறகு இரண்டையும் பின்னிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரின் நீர்வீழ்ச்சிப் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா ஆறாவது டீயை ஊற்றினாள். உயரத்தில் இருந்து, நிதானமாக, சத்தம் கேட்கும்படி.

"முதல் ஷரத்துல இருந்து இன்னொரு தடவை படிச்சிடறேன் சார். அவசரப்பட்டு எதையும் விட்டுடக் கூடாது பாருங்க."

காகிதம் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கையெழுத்து விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

மறுநாள் பத்திரிகைகள் அவளுடைய வாதத்திறமை என்று எழுதும். மேலாளர் அதை மறுக்கப் போவதில்லை.

"ஓடுங்க சார்" என்றாள் அக்கா. "இனிமே யாருக்கும் கட்டை கிடையாது."

கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தையல்காரப் பெண் மெல்லக் கேட்டாள்:

"நீங்க போகலையாக்கா?"

அக்கா ஃபிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தாள். அடியில் இன்னும் அரைக் கோப்பை இருந்தது. அதையும் ஊற்றிக்கொண்டாள்.

அந்த மாடியில் இருபத்திரண்டு வருஷம் மிஷின் ஓட்டியவள். கம்பெனி கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை.