பட்டி மேலேயே நிற்கட்டும்

“வீடியோவுக்கு மேல இந்தப் பட்டி நிக்கணும் மகள். எனக்கு அது போதும்,” என்றார் ஸக்கரியா.

நிஷ்மியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பலாபத்வலையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்த நாளிலிருந்து அவளிடம் வந்தவர்கள் எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் கேட்டிருக்கிறார்கள். படம் பார்க்கையில் திரையின் அடியில் அந்தக் கறுப்புப் பட்டி குறுக்கே நிற்கிறது, எப்படியாவது ஒளித்துவிடுங்கள் என்பார்கள். இவரோ அதை மறுபடி மேலே கொண்டுவருவதற்காகப் பல்லேபொலவிலிருந்து த்ரீவீல் அனுப்பி அவளை வீட்டுக்கே வரவழைத்திருந்தார்.

மணிக்கூடும் நாலு பொத்தானும் இருக்கிற பட்டி, தேவைப்படும்போது வந்து போனால் போதும் என்று அவள் விளக்கிப் பார்த்தாள். எப்போதும் மேலே நின்றால் படத்தின் அடிப்பகுதி மறைந்துவிடும் என்றாள். ஸக்கரியா மூக்குக்கண்ணாடியைச் சாரத்து நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் அது சரிவராது என்று தலையை ஆட்டினார்.

“காசு குடுத்துப் படத்தைக் கெடுக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான் மாமா.”

“கெடுத்துத் தாங்க.”

அவள் பட்டியின் அமைப்பைத் திறந்தாள். ‘மற்ற ஜன்னல்கள் மறைக்கலாம்’ என்ற இடத்தில் சரி போட்டிருந்தது. இது தானாக மாறுகிற விஷயமில்லை, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றாள்.

“இந்த வீட்டுல ஆரு? நானும் குல்தூமும்தான். அவ மவுஸைத் தொட்டதே இல்ல.” புதன்கிழமை கரண்ட் போய்ப் போய் வந்ததில் குழம்பியிருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

நிஷ்மியா பழையபடி மாற்றினாள். சரிபார்க்க ஒரு வீடியோவைத் திறந்து திரை முழுவதும் விரித்தாள். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞன், பின்னால் வெயிலில் வெளுத்த மணல். பட்டி படத்தின் அடியோரத்தை முழுக்க மறைத்தது.

“இதுல என்ன மாமா நல்லா இருக்கு?”

ஸக்கரியா சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, பட்டியைக் கொஞ்சநேரம் இறக்கச் சொன்னார். அவள் இறக்கினாள். திரையின் கீழ் மூலையில், சின்ன வெள்ளை எழுத்தில், வீடியோ எடுத்த திகதி தெரிந்தது. போன வருடத்துத் திகதி.

“மகன் அன்ஸாப். கட்டார்ல மவுத்தாகி எட்டு மாசம்,” என்றார். “குல்தூமுக்குத் தெரியாது.”

மிச்சத்தை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மனைவி உம்மு குல்தூம் கண்டியில் தங்கச்சி வீட்டில் தங்கி நெஞ்சு நோவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒபரேஷன் நடந்த அதே கிழமைக்குள்தான் மகன் போன வாகனம் அங்கே புரண்டது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அதிர்ச்சி எதுவும் கொடுக்காதீர்கள், தாங்க மாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரிடமும் அவரே நடந்துபோய்க் கேட்டுக்கொண்டார். இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் கண்டியில் இருந்த மாதங்களில் அன்ஸாப் அனுப்பிய வீடியோக்கள் இந்தக் கம்ப்யூட்டரில் கிடந்தன. அவள் பார்க்காதவை. பாலைவனத்து முகாமில் சிக்னல் இல்லை, அதனால்தான் கோல் எடுக்கிறான் இல்லை என்று சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறார். எல்லாம் முடிந்துபோனால் என்ன செய்வது என்று நிஷ்மியா கேட்கவில்லை. பட்டியை மறுபடி மேலே ஏற்றி வைத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உம்மு குல்தூம் வந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, திரைக்கு நேரே இருந்த கதிரையில் அமர்ந்தாள்.

“மகன் அனுப்பிட்டானா?”

“இப்பதான் வந்திச்சு,” என்றார் ஸக்கரியா. அவர் குரல் இவ்வளவு இலேசாக இருக்க முடியும் என்று நிஷ்மியா நினைத்திருக்கவில்லை.

திரையில் அன்ஸாப் பேசத் தொடங்கினான். “உம்மா, இங்க மீன் ஆணத்துல…” என்றதுமே உம்மு குல்தூம் சிரித்தாள். “…மீனைத் தேடணும்னா பொலிசுக்குத்தான் சொல்லணும்,” என்று அவன் முடித்தான். அப்போது ஸக்கரியாவும் சேர்ந்து சிரித்தார்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்து, முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. முற்றத்தில் பாயில் கராம்பு காய்ந்துகொண்டிருந்தது. ஸக்கரியா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

வீடியோ முடிந்து, அன்ஸாப் வாய் பாதி திறந்தபடி அசையாமல் நின்றான். உம்மு குல்தூம் எட்டி, தூசி தட்டுவதைப்போல அந்தக் கறுப்புப் பட்டியை விரலால் ஒருமுறை தடவினாள்.

“இனி இது கீழ போகாதே மகள்?”

“போகாது மாமி. யாரும் மாத்தினாலே ஒழிய.”

உம்மு குல்தூம் வாசல் வழியே பார்த்தாள். மழையில் குனிந்து, பாயைச் சுருட்ட முடியாமல் ஸக்கரியா அல்லாடிக்கொண்டிருந்தார்.

“மவுஸு பிடிக்கிறதெல்லாம் மகன் எனக்குக் காட்டித் தந்துட்டுத்தான் போனான்,” என்றாள் மெதுவாக. “போன வெள்ளி, இவர் ஜும்மாவுக்குப் போன நேரம், அதை இறக்கிப் பார்த்தது நான்தான். எல்லா வீடியோவிலயும் திகதியப் பார்த்தேன். திரும்ப ஏத்தத்தான் தெரியல்ல.”

உம்மு குல்தூம் நிஷ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர்ட்ட சொல்லிடாதீங்க மகள். தாங்க மாட்டார்.”