விளாத்திக் கிளை

இரவு வீசிய காற்றில் முறிந்த விளாத்திக் கிளை ஒன்று, ஸ்கந்தபுரத்துக்குப் போகும் காட்டுப்பாதையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பழனியாண்டி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் பிடித்து இழுக்கிறார். முள் உள்ளங்கையைக் கிழிக்கிறதே தவிர, கிளை ஒரு சாண்கூட நகரவில்லை. பின்னாலிருந்து இறங்கிய மகள் கஜேந்தினியின் கையில் உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டை. "எட்டரைக்கு மண்டபத்துக்குள்ள நிக்கவேணும் அப்பா. இன்னும் அரை மணித்தியாலந்தான் இருக்கு" என்கிறாள். சுற்றிப் போக வேறு வழியில்லை. அவர் மறுபடியும் குனியும்போது காட்டோரப் பற்றைகள் விலகுகின்றன. மழையீரம் மின்னும் கரிய முதுகோடு ஒற்றை யானை பாதையில் வந்து நிற்கிறது.

"அசையாத, பிள்ளை" என்று முணுமுணுத்தபடி அவர் பின்வாங்கி மகளுக்கு முன்னால் நிற்கிறார். யானை அவர்களைப் பார்க்கவேயில்லை. தும்பிக்கையால் வளைத்துப் பிடித்து, அத்தனை முள்ளோடும் அந்தக் கிளையை அநாயாசமாக இழுத்துப்போய்ப் பாதையோர வாய்க்காலுக்கு அப்பால் போடுகிறது. விளாங்காய்கள் அதன் வாய்க்குள் மடார் மடாரென்று உடைகின்றன. பாதையில் இப்போது இலைகளும் முள்ளும் காலை வெயிலும் மட்டுமே. டயரில் குத்தக்கூடிய முள்ளுகளைப் பழனியாண்டி செருப்புக் காலால் ஓசையில்லாமல் ஒதுக்குகிறார். எஞ்சினை இயக்காமல் இருவரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, யானையின் மூச்சு கேட்கும் தூரத்தில் கடந்து போகிறார்கள். வளைவு தாண்டிய பிறகும் அவர் திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்கவில்லை, வந்த வழியையே பார்த்தபடி நிற்கிறார்.

கஜேந்தினி அவர் முதுகைத் தொடுகிறாள். "அப்பா, இனி மூச்சை விடுங்கோ."