நிறைந்த சலூன்

சலூன் நாற்காலியில் ஒருவர் தலையைக் கொடுத்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். கடையை எடுத்து நடத்தலாமா என்று பார்க்க வந்த இளைஞன் வாசலிலேயே மலைத்து நின்றான்.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?"

"இன்னைக்குப் பரவாயில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை நிக்க இடமிருக்காது." கடைக்காரரின் கத்தரி ஓயவே இல்லை.

"அப்புறம் ஏன் கைமாத்துறீங்க?"

"இடுப்பு ஒத்துழைக்கல. வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் மூணு வருஷம் கிடக்கு. யாராவது எடுத்துக்கிட்டாத்தான் கட்டட ஓனர் என்னை விடுவார்."

பெஞ்சிலிருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்தார். "சீக்கிரம் முடிவு பண்ணுப்பா. நீங்க பேசிட்டே இருந்தா என் முறை எப்ப வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞனும் சிரித்தான். கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். பெஞ்சிலிருந்த தலைகளை எண்ணினான்.

"பார்த்துட்டிருந்த வேலையை நேத்தே விட்டுட்டேண்ணே" என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் கத்தரியை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவரிடம் சொன்னார்: "கிளம்புங்க மாமா. மச்சானுங்களையும் கூட்டிட்டுப் போங்க."

சொந்தங்கள் போனதும் கடை வழக்கம்போல வெறிச்சோடியது. பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்தார். தரையில் ஒரு முடிகூட இல்லை. அந்தப் பையன் ஒரே ஒருமுறை கீழே பார்த்திருந்தால் தப்பித்திருப்பான். பார்த்துவிட மாட்டானா என்று அவர் மனமும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கடையைப் பார்க்க வந்தபோது அவரும் தலைகளைத்தான் எண்ணினார்.