சோதனைப் பதிவு

அப்டேட் முடிந்த பிறகு மின்மயானத்துக் கணினி உலையைத் திறக்க மறுத்தது. வெளியே பாடையோடு சனம் வெயிலில் நின்றது. “டெஸ்ட் என்ட்ரி கேக்குதுண்ணே. வந்திருக்கிற பாடியோட பேரு வேணாம், வேற எதாவது பேரைப் போடுங்க” என்றான் போனில் கம்பெனி இன்ஜினியர். உலையை இயக்கும் மாசிலாமணியின் விரல்கள் தயங்கின. இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் உயிரோடிருப்பவரை எப்படிப் போடுவது? வாய்க்கு வந்ததை அடித்தாலும் ஊரில் யாராவது அந்தப் பெயரில் இருப்பார்களே. கூடப்பிறந்தவனோடு பேச்சுவார்த்தை கிடையாது; அவன் பெயரைப் பாதி அடித்து அழித்தார். கடைசியில் தன் பெயரையே போட்டார். உலைக் கதவு திறந்து அனல் முகத்தில் அறைந்தது.

“திறந்துடுச்சு தம்பி. இப்ப என் பேரை எடுத்துடு.”

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“எடுக்க முடியலண்ணே. அந்தப் பேருக்குரிய உடம்பு உள்ள வந்தாதான் பேரு போகுமாம்.”